காதுக்குள் மரத்தூள்

தென்காசி
14-9-1958

அய்யாக்குட்டிக்கு,

ஜாமீனில் வெளியே வந்த பிறகாவது ஒரு வரி எழுதுவீர் என்று இருந்தேன். எழுதவில்லை. வக்கீல் அருமைநாயகம்தான் உம்முடைய பாளையங்கோட்டை விலாசத்தைக் கொடுத்தார். வழக்கு முடிகிறவரை தென்காசிப் பக்கம் வரக்கூடாது என்று உமக்கு உத்தரவாம். நல்ல உத்தரவு. வந்தால் உம்முடைய தலை உடம்பில் இருக்காது.

உங்கள் தெருவில் சுவர்கள் மட்டும் நிற்கின்றன. எரிந்த ஓலையைச் சாரல் கரைத்து, ஓடைத் தண்ணீர் இன்னும் கறுப்பாகத்தான் போகிறது. உங்கள் தெருவைக் கொளுத்திய என் சாதிக்காரர்கள் என் வீட்டுக்குத் தீ வைக்கவில்லை. மேலத்தெருவில் ஒரு வீடு எரிந்தால் அடுத்த வீடும் எரியும் அல்லவா. அதனால் கதவை உடைத்து, என்னை முற்றத்தில் இழுத்துப் போட்டு மிதித்தார்கள். முன்பல் இரண்டு போய்விட்டன. மிதித்தவர்களில் ஒருவன் என்னிடம் இங்கிலீஷ் பாடம் படித்தவன். அவன் பெயரை நான் மறக்கப்போவதில்லை. என் மனைவி அம்பாசமுத்திரத்தில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். நாவிதர் வருவதில்லை. தாடியோடு திரிகிறேன்.

சப்-இன்ஸ்பெக்டர் என்னை விசாரித்தார். பள்ளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல அவருக்குச் சொன்னேன். குழியின் மேல் மரத்தடியைக் கிடத்தி இரண்டு பேர் அறுப்பார்கள். ஒருவன் தடிமேல் நிற்பான், மற்றவன் குழிக்குள் நிற்பான். தூள் அத்தனையும் கீழே நிற்கிறவன் தலையில் விழும். காலம் காலமாக மேலே நிற்கிற சாதி வேறு, கீழே நிற்கிற சாதி வேறு. நமது மர அறுப்புக் கூட்டுறவுச் சங்கத்தில் வாரத்துக்கு வாரம் மாறி நிற்க வேண்டும் என்று விதி எழுதியவன் நான். விதி வந்ததும் மேலே நின்றவர்கள் எல்லாம் துண்டை உதறிக்கொண்டு போனார்கள். என் சித்தப்பா மகன் குத்தாலிங்கம் மட்டும் போகவில்லை. நிலம் எல்லாம் போன பிறகு அவனுக்கு வேறு போக்கிடம் இல்லை. அவனுக்கு ஜோடி நீர்.

"அவரு குழிக்குள்ள எறங்குனதை நீங்க பாத்திருக்கேளா?" என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார். பார்த்ததில்லை. அறுப்புக்கொட்டகை குற்றாலம் ரோட்டில் இருக்கிறது. என் ஆபீஸ் தென்காசியில் இருக்கிறது. முறை நடக்கிறது என்று நீர் சொன்னீர், நான் நம்பினேன். மேலத்தெரு முழுக்க, குத்தாலிங்கம் ஒருநாளும் குழிக்குள் இறங்கியதில்லை, நீர்தான் அன்று ஏமாற்றி இறக்கித் தடியை உருட்டிக் கொன்றீர் என்கிறது. அவனுடைய அண்ணன் தளவாய் அப்படித்தான் வாக்குமூலம் கொடுத்திருக்கிறான்.

தடி உருளாமல் பிடித்திருக்கிற கொக்கியைத் தட்டிக் கழற்றியவன் தளவாய்தான் என்று நீர் போலீஸில் சொன்னீராம். அவன் மாட்டுவண்டியில் தடி கொண்டுவருகிறவன், கொட்டகைக்குள் வரப் போக இருப்பவன், எல்லாம் சரி. ஆனால் சொந்தத் தம்பியை அவன் ஏன் கொல்லப்போகிறான்? நீதிபதி கேட்கப்போகிற முதல் கேள்வி இதுதான். பதில் உம்மிடம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. எழுதும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். குற்றாலத்தில் கூட்டுறவு மாநாடு நடந்ததே, அந்த விதியைப் பாராட்டி மாலை போட்டார்களே. கழுத்தை நீட்டியவர் சங்கத் தலைவர். விதி வேண்டாம் என்று என்னோடு சண்டை பிடித்தவர் அவர். தொழிலாளர் சார்பில் மேடையில் பேசிய நீரும் என் பெயரைச் சொல்லவில்லை. அதை நான் மறந்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

நம்பிராஜன்


பாளையங்கோட்டை
22-9-58

செயலாளர் அய்யா அவர்களுக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. உங்கள் பல் போனதற்கு வருத்தப்படுகிறேன்.

என் மனைவி பேராச்சிக்கு இரண்டு கையும் முழங்கை வரை வெந்துபோயிற்று. கூரை எரிந்து விழும்போது உள்ளே என் அய்யா படுத்திருந்தார். நடக்க மாட்டாதவர். அவரை இழுக்கப் போனாள். அவள் கையோடு வந்தது அவர் கட்டியிருந்த வேட்டி மட்டும்தான். இப்போது நான்தான் அவளுக்குச் சோறு ஊட்டுகிறேன். இதை உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். உங்கள் கடிதத்தில் நீங்களும் கேட்கவில்லை.

ஸ்டேஷனில் என்னைப் பெஞ்சின்மேல் ஏறச் சொன்னார்கள். "மேல நிக்கணும்னு ஆசையாலே ஒனக்கு, நில்லுலே" என்றார்கள். நின்றேன். முட்டிக்குக் கீழே லத்தியால் அடித்தார்கள். விழுந்தால் மறுபடி ஏறச் சொல்வார்கள். வலது கால் இன்னும் சரியாக ஊன்ற வரவில்லை.

நடந்ததைக் கேட்டீர்கள். அன்று வேங்கைத் தடி. பாதிக்குமேல் அறுத்தாயிற்று. அது குத்தாலிங்கம் கீழே நிற்கிற வாரம். மத்தியானம் அவர் கொட்டகைக்குப் பின்னால் சாப்பிடப் போனார், நான் ஓடைக்கரைக்குப் போனேன். திரும்பும்போது தளவாய் கொட்டகையிலிருந்து வந்தார். கையில் ஆப்பு அடிக்கிற சம்மட்டி இருந்தது. வண்டிக்கு ஆப்பு அடித்திருப்பார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டே, "எறங்குலே எறங்கு, பொழுது போகுதுல்லா" என்று சொல்லிவிட்டுப் போனார். வழக்கமாக என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்.

குத்தாலிங்கம் வந்து இறங்கினார். நான் ஏறினேன். ரம்பம் நாலைந்து இழுப்புதான் போயிருக்கும். காலுக்கடியில் தடி புரண்டது. நான் கொட்டகைச் சட்டத்தைப் பிடித்துத் தொங்கினேன். அவர் சத்தம் போடவில்லை. இரண்டு பேர் ஒரு ரம்பத்தைப் பிடித்தால் அடுத்தவன் இருமுவதுகூட இந்தப் பக்கம் கையில் தெரியும். அவர் செத்தது எனக்குக் கையில்தான் தெரிந்தது. குழிக்குள் குதித்துப் பார்த்தேன். நெஞ்சுக்குமேல் தடி கிடந்தது. வாய்வழியாக வந்த ரத்தம் தூளில் ஊறி மாவு மாதிரி ஆகிவிட்டது. கொக்கி முழுசாகக் கழன்று ஓரமாகக் கிடந்தது. அதைப் போலீஸ் எடுத்ததா என்று தெரியாது.

நீங்கள் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. சொல்வதற்கு இல்லை. அதைப் பற்றி மறுபடி கேட்க வேண்டாம்.

மாநாட்டில் உங்கள் பெயரைச் சொல்லாதது தப்புதான். எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லாம் மேலே நிற்கிறவர்களைப் பற்றியே பேசினார்கள். நான் கீழே நின்றவர்களின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டார்கள்.

தங்கள்,
அய்யாக்குட்டி


தென்காசி
3-10-1958

அய்யாக்குட்டிக்கு,

உம்முடைய அய்யா இறந்தது எனக்குத் தெரியும். கேட்கவில்லை. அந்தக் குற்றம் என்னுடையது என்று வைத்துக்கொள்ளும். ஆனால் உம்மைத் தூக்கில் போட்டால் அவர் எழுந்து வரமாட்டார்.

நேற்று சங்கப் பேரவை கூடியது. விதியை ரத்து செய்தார்கள். தலைவர் எழுந்து, "ஆரம்பத்துலயே சொன்னேன், இவரு கேக்கல. படிச்சவரு பாருங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் நாற்காலியைத் தூக்கினேன். அவர்மேல் எறியத்தான் தூக்கினேன். பிடுங்கிக்கொண்டார்கள். தளவாய் எழுந்து வந்து என் தாடியைப் பிடித்து இழுத்து, "எண்ணே, எந்தம்பி ரத்தம் ஒம் பேனாவுல இருக்கு" என்றான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. அய்யாக்குட்டி, அது நடிப்பு இல்லை. எனக்கு அவனைச் சின்ன வயதிலிருந்து தெரியும். அவனுக்கு நடிக்கத் தெரியாது. கோபப்படத் தெரியும், அழத் தெரியும், அவ்வளவுதான். தம்பியைக் கொன்றவன் அப்படி அழுவானா? எனக்கே சந்தேகம் வந்தது. உம்மேல்தான் வந்தது. மறைக்கவில்லை.

அங்கிருந்து நேரே கொட்டகைக்கு நடந்து போனேன். பூட்டியிருந்தது. தட்டியைப் பிரித்துக்கொண்டு உள்ளே போனேன். அந்தக் குழிக்குள் இறங்கினேன். நான் எழுதிய விதி இரண்டு பக்கம் இருந்தது, ஆனால் குழி எவ்வளவு ஆழம் என்று எனக்குத் தெரியாது. அடியில் தூள் இன்னும் கறுத்து இறுகிக் கிடந்தது. நிமிர்ந்து பார்த்தேன். மேலே ஒருவன் நின்றால் அவனுடைய உள்ளங்கால் மட்டும்தான் தெரியும். குத்தாலிங்கம், என் சித்தப்பா மகன், கோயில் திருவிழாவில் முதல் திருநீறு வாங்குகிற வீட்டுக்காரன், இங்கே நின்று உம்முடைய உள்ளங்காலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான் என்று உம்முடைய கடிதத்தைப் படித்தும் என்னால் நம்ப முடியவில்லை. நானே நம்பவில்லை என்றால் நீதிபதி எப்படி நம்புவார்?

உங்கள் தெரு ஆட்கள் சாட்சி சொன்னால் சொந்தக்காரர்கள் என்று தள்ளிவிடுவார்கள். அருமைநாயகம் உறுதியாகச் சொல்கிறார்: மேலத்தெருவிலிருந்து ஒரு வாய், "ஆமாம், அவன் குழிக்குள் இறங்கினவன்தான்" என்று சொல்லாவிட்டால் உமக்குத் தூக்கு. யாரைக் காப்பாற்றுவதற்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறீர்?

நம்பிராஜன்


பாளையங்கோட்டை
12-10-58

அய்யா அவர்களுக்கு,

நீங்கள் குழிக்குள் இறங்கினீர்கள் என்று படித்ததும் பேராச்சியிடம் சொன்னேன். "எறங்குனாகளா? ஏறுறதுக்கு யாரு கை குடுத்தா?" என்று கேட்டாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் அவள் சிரித்தது அன்றைக்குத்தான். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

சொல்லிவிடுகிறேன். படித்துவிட்டுக் கிழித்துவிடுங்கள்.

விதி வந்த முதல் நாள் குத்தாலிங்கம் இறங்கவில்லை. குழி ஓரத்தில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டே இருந்தார். நானும் உட்கார்ந்திருந்தேன். ரெண்டு பேருக்கும் அன்று கூலி இல்லை. மறுநாள் வந்தார், யாரையும் பார்க்காமல் இறங்கினார். மேலே நின்ற எனக்குக் கால் நடுங்கியது. கீழேயிருந்து, "ஏலே, காலை ஊனி நில்லுலே. நீ விழுந்தா எம்மேலதான விழுவ" என்றார். அதற்குப் பிறகு எங்களுக்குள் பிரச்சினை வரவில்லை.

சாயங்காலம்தான் பிரச்சினை. தலை, புருவம், மீசை எல்லாம் தூளாக இருக்கும். குழிக்குள் நின்றவன் என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். அந்தக் கோலத்தில் அவர் மேலத்தெருவுக்குள் போகமுடியாது. அதனால் கீழே நிற்கிற வாரம் எல்லாம் வேலை முடிந்ததும் வீட்டுக்கு எதிர்த்திசையில் குற்றாலத்துக்கு நடந்து, அருவியில் தலையைக் கொடுத்து நின்று கழுவிவிட்டு, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவார். சீசன் இல்லாதபோது சிற்றாற்றில் குளிப்பார். ஊரில் அவரைக் குளியல் பைத்தியம் என்று கேலி செய்தார்கள். உங்களுக்கும் அந்தக் கேலி தெரிந்திருக்கும்.

வீட்டில் அண்ணன் கேட்டிருக்கிறார். "நான் மேலதான் நிக்கேன். அந்தப் பயல எறங்குன்னா எறங்குதான். விதியெல்லாம் சும்மா பேப்பர்ல" என்று சொல்லியிருக்கிறார். சொன்னதை என்னிடமே வந்து சொல்லிவிட்டு, "தப்பா நெனைக்காத லே. எனக்கு ரெண்டு பொட்டப்பிள்ளைக. கெட்டிக் குடுக்கணும்" என்றார். ரம்பத்தின் பிடியில் என் கையை வைத்து, யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். எங்கள் தெருவுக்கு எல்லாம் தெரியும். எங்கள் தெருப் பேச்சு உங்கள் தெருவுக்குள் போகாது.

இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும். தளவாய் கொக்கியைத் தட்டியது தம்பியைக் கொல்ல இல்லை, விதிக்காக மேடையேறிப் பேசிய என்னைக் கொல்லத்தான். குழிக்குள் என்றைக்கும் நான்தான் இருப்பேன், மேலே நிற்கிற தம்பி சட்டத்தைப் பிடித்துக்கொள்வார் என்று அவர் நம்பியிருந்தார். கூடப்பிறந்தவர் சொன்னதை நம்பினார். அவர் அழுதது நிஜம்தான். கொக்கி கழன்றது எனக்குத் தெரிந்துபோய், நான்தான் ஏதோ சொல்லிக் குத்தாலிங்கத்தை எனக்குப் பதிலாக இறக்கிவிட்டேன் என்று அவர் நினைக்கிறார். அதனால்தான் எங்கள் தெருவைக் கொளுத்தினார்.

இதைக் கோர்ட்டில் சொல்லக்கூடாது. சொன்னால் குத்தாலிங்கத்தின் மனைவி வடிவம்மாள் அந்தத் தெருவில் எப்படி இருப்பாள்? அந்தப் பிள்ளைகளை யார் கட்டுவார்கள்? அவர் என் தலைமேல் நின்ற காலத்திலும் என்னை மிதித்ததில்லை. நான் அவர் தலைமேல் நின்று அவரை மிதிக்க மாட்டேன்.

அய்யாக்குட்டி


தென்காசி
9-11-1958

அய்யாக்குட்டிக்கு,

உம்முடைய கடிதத்தைக் கிழிக்கவில்லை. அருமைநாயகத்திடமும் காட்டவில்லை. ஆனால் சும்மாவும் இருக்கவில்லை. திட்டுவதாக இருந்தால் முழுவதும் படித்துவிட்டுத் திட்டும்.

வடிவம்மாளைப் பார்த்தேன். தளவாய் வண்டியோடு செங்கோட்டைக்குப் போயிருந்தான். பின்வாசல் வழியாகப் போனேன். சாம்பல் போட்டுப் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து தலையில் முந்தானையைப் போட்டாள்.

"யாரும் பாக்கதுக்கு முன்னால போயிருங்கத்தான்."

"ஒரு கேள்வி கேட்டுட்டுப் போயிருதேன். குத்தாலிங்கம் குழிக்குள்ள எறங்குவானா?"

"எறங்க மாட்டாக. மேலதான் நிப்பாக."

"வடிவு, அந்த அய்யாக்குட்டியைத் தூக்குல போடப்போறாங்க."

அவள் பாத்திரத்தைத் தேய்த்தாள். தேய்த்த இடத்தையே தேய்த்தாள்.

"போடட்டும். எம் புருசன் போயிட்டாருல்லா."

"அவன் கொல்லலைன்னு ஒனக்குத் தெரியும்."

"எனக்கு என்ன தெரியும். நான் அடுப்படியில கெடக்கவ. நீங்க விதி போட்டிய, அவுக வேலைக்குப் போனாக, பெரியவுக அரிவாளத் தூக்குனாக. என்னைய யாரு கேட்டா? இப்ப மட்டும் என்னத்துக்குக் கேக்கிய?"

வெளியே வரும்போது, பாத்திரத்தை அவள் சுவரில் ஓங்கி எறிந்த சத்தம் கேட்டது.

அவள் பெயரை நமது தரப்புச் சாட்சியாக அருமைநாயகத்திடம் கொடுத்திருக்கிறேன். சம்மன் போகும். அவள் பொய் சொன்னாலும் சொல்லட்டும், சத்தியம் செய்துவிட்டுச் சொல்லட்டும். உம்முடைய பெருந்தன்மை எனக்கு எரிச்சலாக இருக்கிறது. மூன்று வருஷம் நான் ஊரோடு முட்டிக்கொண்டது இரண்டு பேர் ஒளித்து ஒளித்துச் சமமாக இருக்க வேண்டும் என்பதற்காகவா? அருவியில் கழுவிவிட்டு வீட்டுக்குப் போகிற சமத்துவம் யாருக்கு வேண்டும்?

நம்பிராஜன்


பாளையங்கோட்டை
14-11-58

செயலாளர் அவர்களுக்கு,

உங்களுக்கு நான் முக்கியமில்லை. உங்கள் விதிதான் முக்கியம். அது ஜெயிக்க வேண்டும், அதற்கு நான் பிழைக்க வேண்டும், அதற்கு அந்தப் பெண் தெருவில் நிற்க வேண்டும்.

குத்தாலிங்கம் ஒளித்துத்தான் சமமாக இருந்தார். ஒளிக்காமல் ஒரு நாளாவது இருந்தவர் யார், நீங்களா? என் வீட்டில் தண்ணீர் குடித்தீர்கள், நிஜம்தான். குடித்ததை உங்கள் வீட்டில் சொன்னீர்களா?

சம்மனை நிறுத்துங்கள். தளவாய் உங்களைச் சும்மா விடமாட்டார். இதற்குமேல் எனக்குக் கடிதம் வேண்டாம்.

அய்யாக்குட்டி


தென்காசி, ஆஸ்பத்திரி
28-1-1959

அய்யாக்குட்டிக்கு,

கடிதம் வேண்டாம் என்றீர். நானும் எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் உம்முடைய வழக்கு வருகிற வாரம் வருகிறது, நான் வரமுடியாது. அதைச் சொல்ல வேறு ஆள் இல்லை.

சம்மன் போன மூன்றாம் நாள் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என்னை வெட்டினார்கள். துண்டால் முகத்தைக் கட்டியிருந்தார்கள், யாரென்று தெரியவில்லை. பட்டப்பகல். வெற்றிலைக் கடைக்காரன் கடையை மூடிக்கொண்டான். முதல் வெட்டைத் தடுக்க இடது கையை நீட்டினேன். மூன்று விரல் போயிற்று. இரண்டாவது வெட்டு தோளில் இறங்கியது. கீழே கிடக்கும்போது என் விரல்கள் மண்ணில் கிடப்பதைப் பார்த்தேன். ஒரு நாய் வந்தது. அதை விரட்டக்கூட எனக்குச் சத்தம் வரவில்லை. ஒரு பூக்காரி, ஹைருன் பீவி என்று பெயர் சொன்னார்கள், தன் ஈரத்துணியை எடுத்து என் கையைச் சுற்றி, ஜட்காவில் ஏற்றி இங்கே கொண்டுவந்தாள். என் சாதியில் ஒருவர்கூட வரவில்லை. அந்தக் கணக்கும் எனக்கு ஞாபகம் இருக்கும்.

வலது கை பத்திரம். எழுதத்தான் வெட்டாமல் விட்டார்களோ என்னவோ.

உம்முடைய கடைசிக் கேள்விக்குப் பதில்: சொல்லவில்லை. உங்கள் வீட்டில் தண்ணீர் குடித்ததை என் மனைவியிடம் சொன்னதில்லை. போதுமா?

நம்பிராஜன்


பாளையங்கோட்டை
11-2-59

அண்ணாச்சி,

என்னை விடுதலை செய்துவிட்டார்கள். நடந்ததை நீங்கள் பார்க்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

வடிவம்மாள் வந்தாள். வெள்ளைச் சேலை. தளவாயும் அவருடைய ஆட்களும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவரோடு ஒரே வண்டியில்தான் வந்தாளாம். அதனால் என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அருமைநாயகம் சார் கேட்டார், "ஒங்க வீட்டுக்காரர் குழிக்குள்ள நின்னு வேலை பாத்தது உண்டா?"

அவள் பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். நீதிபதி, "சொல்லும்மா" என்றார்.

"அவுக காதுல தூள் இருக்கும்" என்றாள்.

யாருக்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது.

"தலையக் கழுவுவாக, மீசையக் கழுவுவாக. காதக் கழுவத் தெரியாது. ஒரு வாரம் இருக்காது, அடுத்த வாரம் இருக்கும். காது அரிக்குதுட்டீன்னு எம் மடியில படுப்பாக. நான் கோழி எறகு வச்சு எடுப்பேன். மஞ்சமஞ்சேன்னு மரத்தூளு. என்னன்னு நான் கேட்டதில்ல. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சாக."

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, "எவ்வளவு நாளா?" என்றார்.

"விதி வந்ததுல இருந்து."

அப்போது பின்னால் பெஞ்சு விழுந்தது. தளவாய் தாண்டிக்குதித்து வந்தார். போலீஸ்காரர்கள் எழுவதற்குள் சாட்சிக் கூண்டுக்குள் கையை விட்டு அவள் கழுத்தைப் பிடித்துவிட்டார். "பொய் சொல்லுதாளே, பொய் சொல்லுதாளே" என்று அவள் தலையைக் கம்பியில் மோதினார். அவள் அவரைப் பார்த்து, கழுத்து நெரிபட்ட குரலில், "நெசந்தான் பெரியத்தான்" என்றாள். அவ்வளவுதான். அவர் பிடி தளர்ந்தது. லத்தியால் முதுகில் அடித்துக்கொண்டிருக்கிறார்கள், அவருக்கு உறைக்கவில்லை. என்னைப் பார்த்தார். அவர் என்னை நேருக்கு நேர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அவன் ஏம்லே எங்கிட்டச் சொல்லல? ஒரு வார்த்த சொல்லிருந்தாம்னா நான் அந்தக் கொக்கியில கை வச்சிருப்பனாலே?"

கோர்ட் முழுக்கக் கேட்டது. நீதிபதி எழுதிக்கொண்டார். அங்கேயே அவருக்கு விலங்கு போட்டார்கள். போகும்போது அவர் வாயில் ரத்தம், மூக்கில் ரத்தம், சின்னப்பிள்ளை மாதிரி அழுதுகொண்டே போனார். எங்கள் அய்யாவைக் கொளுத்தியவர். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பேராச்சி சந்தோஷப்பட்டாள். நான் அன்று சாப்பிடவில்லை.

நான் தென்காசிக்கு வரவில்லை. புனலூரில் மரவேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். அங்கே எனக்கு யாரையும் தெரியாது, அதுதான் வசதி. குத்தாலிங்கம் பெயரை டீக்கடைகளில் சொல்லிச் சிரிப்பார்கள். அதைக் கேட்க என்னால் ஆகாது. நான் கொடுத்த வாக்கை நான் மீறவில்லை. ஆனால் அது மீறப்பட்டதால்தான் உயிரோடு இருக்கிறேன். உங்களுக்கு நன்றி சொல்வதா, திட்டுவதா என்று தெரியவில்லை. கை எப்படி இருக்கிறது?

அய்யாக்குட்டி


தென்காசி
19-7-1959

அய்யாக்குட்டிக்கு,

புனலூர் விலாசம் தேடிக் கண்டுபிடிக்க இத்தனை மாதம் ஆயிற்று. கை ஆறிவிட்டது. ரம்பம் பிடிக்க இரண்டு கை வேண்டும், என்னிடம் ஒன்றரைதான் இருக்கிறது. அதனால் என்னைக் குழிக்குள் இறங்கச் சொல்லி இனிமேல் யாரும் கேட்க முடியாது. என் மனைவி வரவில்லை. தளவாய்க்கு ஆயுள் தண்டனை. தீ வைத்த வழக்கு இன்னும் நடக்கிறது. என்னை மிதித்த அந்த மாணவனை நான் அடையாளம் காட்டினேன், ஆறு மாதம் போட்டார்கள். கொஞ்சம் தூக்கம் வருகிறது.

சங்கம் மறுபடி விதியைக் கொண்டுவந்துவிட்டது. தலைவர் மறுபடி கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறார். இந்தத் தடவை மாலை இன்னும் பெரிது.

இதெல்லாம் எழுதுவதற்காக நான் பேனாவை எடுக்கவில்லை. வடிவம்மாளைப் பற்றிச் சொல்லவேண்டும்.

தளவாய் வீட்டில் அவளை வைத்துக்கொள்ளவில்லை. தெருவின் கடைசியில் ஒரு பாழடைந்த மாட்டுக்கொட்டிலில் பிள்ளைகளோடு இருக்கிறாள். ஆனி மாதம் சங்க ஆபீசுக்கு வந்து வேலை கேட்டாள். கொட்டகையில் குழியிலிருந்து தூளை அள்ளிச் சலித்து, அடுப்புக்கு விற்க மூட்டை கட்டுகிற வேலை. மேலத்தெருப் பெண் ஒருத்தி அந்த வேலைக்கு வந்ததே இல்லை. கொடுத்தேன்.

இப்போது சீசன். கொட்டகைக்கு வெளியே ரோட்டில் அருவிக்குப் போகிற கூட்டம். நேற்று சாயங்காலம் நான் அங்கே இருந்தேன். வேலை முடிந்து அவள் கிளம்பினாள். தலை, புருவம், கழுத்து, சேலை எல்லாம் தூள். ஓடையில் கழுவிக்கொள்வாள் என்று நினைத்தேன். ஓடையைத் தாண்டிப் போனாள். குழாயடியில் நின்றாள், ஒரு கை தண்ணீர் குடித்தாள், மறுபடி நடந்தாள். நான் பின்னாலேயே போனேன்.

மேலத்தெருவுக்குள் நட்டநடுவில் நடந்தாள். பெண்கள் வாசலில் நின்றார்கள். ஒருத்தி, "ஏட்டி, ஒம் புருசன் மாதிரிக் கழுவிட்டாவது வரக்கூடாதா? ஊர் சிரிக்குதுல்லா" என்றாள். வடிவம்மாள் நிற்கவில்லை. யார் எறிந்தது என்று தெரியாது, ஒரு கல் வந்தது. நெற்றியில் பட்டது. அவள் உட்கார்ந்துவிட்டாள். இரண்டாவது கல்லை நான் என் தோளில் வாங்கினேன், அரிவாள் பட்ட அதே தோளில். அந்தக் கல்லை எடுத்துத் திருப்பி எறிந்தேன். ஒரு வீட்டு ஓடு உடைந்தது. அதற்காக எனக்கு வருத்தம் இல்லை.

அவளை எழுப்பினேன். ரத்தம் புருவம் வழியாக இறங்கி, தூளோடு சேர்ந்து அப்பிக்கொண்டிருந்தது. முழுசாக இருக்கிற கையால் அவள் தலையிலிருந்து தூளைத் தட்டிவிடப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தட்டாதிய அத்தான். அவுக தட்டிட்டு வந்ததுதான் இம்புட்டுக்கும்."

இன்று காலையிலும் வேலைக்குப் போனாள். நெற்றியில் கட்டோடு.

குழிக்குள் நிற்க ஆள் இருக்கிறது. தடிமேல் நிற்க ஆள் இல்லை. வருவதும் வராததும் உம்முடைய இஷ்டம்.

நம்பிராஜன்